ஆயுத பூஜையன்று நின்றுபோன லேப்டாப்

இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அறையின் வீட்டுக்காரம்மா கதவைத் தட்டமாட்டார். மோட்டார் சுவிட்சு எங்கள் அறைக்குள் இருப்பதால் நினைத்த நேரத்தில் வருவார், போடுவார், போய்விடுவார். எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கத்தில் சொந்த அண்ணன் வீடென்றாலும் வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்போம். வந்து இரண்டு வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. அவர் போனதும் என் டிரங்குப் பெட்டியின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். யாராவது எதையாவது விளக்கினால், இதில் என்னத்தை மறைக்கிறான் என்றுதான் முதலில் தோன்றும்.

பெட்டிக்குள் இருப்பது மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழைய லேப்டாப். பேட்டரி செத்துவிட்டது, வயரைச் செருகினால்தான் உயிர். ஊரில் மகள் பிறந்தபோது எனக்குக் கிடைத்தது நாலு நாள் லீவு. அவள் குப்புற விழுந்ததையும் மொட்டை போட்டதையும் அந்தத் திரையில்தான் பார்த்தேன். படங்களை அதில் ஏற்றிய கையோடு மச்சான் கேமராவில் அழித்துவிட்டார். வேறெங்கும் கிடையாது.

ஆயுத பூஜையன்று காலையில் அறைத்தோழன் செல்வம் ஒரு சிடியோடு வந்தான். அருப்புக்கோட்டைக்காரன், டிப்ளமோ படித்தவன். வைரஸ் வராமலிருக்க சிஸ்டத்தை அப்டேட் செய்யவேண்டுமாம். ஓடவிட்டான். முடியும்வரை அணைக்கக் கூடாது என்று சொன்னவனும் அவன்தான். நைட் ஷிப்ட் அசதியில் கதவைத் திறந்துபோட்டு அவன் படுத்துவிட, நான் வேலை செய்யும் லைனில் பூஜை என்று கம்பெனிக்குப் போனேன். பொரிப் பொட்டலத்தோடு திரும்பியபோது திரை கறுப்பாக இருந்தது. பட்டனை அழுத்தினால் வெளிச்சம் வரும், அணையும், மறுபடி வரும், அணையும். அவ்வளவுதான்.

“ஏலே, என்னத்தச் செஞ்ச?”

“நான் தூங்கிட்டேன்டா. கையே வைக்கல.”

கண்ணைப் பார்த்துச் சொன்னான். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மண்ணூர்க்காரர்.

“வெச்சிட்டுப் போண்ணா. ஃபார்மேட் போட்டு வெக்கிறேன், சாயங்காலம் வா.”

“ஃபார்மேட்டுன்னா?”

“எல்லாத்தையும் தொடச்சிட்டுப் புதுசா போடறது.”

இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். “உள்ள பிள்ள படம் இருக்குங்க. அழியாமச் சரிபண்ண முடியுமா, முடியாதா?”

“ரிப்பேர் போட்டுப் பாக்கலாம். ரெண்டு அவர் ஆவும். இன்னாண்ணா அப்டி பாக்கற? என்னிய பாத்தா திருடனாட்டம் கீதா?”

ஸ்டூலை அவர் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு பட்டனை அழுத்தும் முன்பும், இது எதற்கு என்று கேட்டேன். பாதியில் நின்ற சிஸ்டம் ஃபைல்களை மட்டும் திரும்ப எழுதுகிறது, படம் இருக்கும் இடத்தைத் தொடாது என்றார். நேற்று நடுவில் கரண்ட் போயிருக்கும் என்றும் சொன்னார். போகவில்லை; ஃபேன் நின்றால் புழுக்கத்தில் உடனே விழித்துவிடும் செல்வம், கரண்ட் போனதாகச் சொல்லவே இல்லை. அப்படியானால் செல்வம்தான். அறை மாறுவதா, அவனை மாறச் சொல்வதா என்றுகூட யோசித்துவிட்டேன்.

அது பாட்டுக்கு ஓடட்டும் என்று எழுந்து எதிர்ப்பக்கம் போன கடைக்காரர் சிரித்தார். “பூஜையெல்லாம் பலமா போட்டுக்கற!”

எட்டிப் பார்த்தேன். மூடியின் பின்பக்கம் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். துண்டில் சுற்றிய அவசரத்தில் இது என் கண்ணில் படவில்லை. நான் வைக்கவில்லை. செல்வம் சாமி கும்பிடுகிற ஆளே இல்லை.

கடைசியில் லேப்டாப் எழுந்தது. படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. அதற்கப்புறம்தான் கடைக்காரரை முகம் பார்த்துப் பேச முடிந்தது.

அறைக்குத் திரும்பியபோது வீட்டுக்காரம்மா மோட்டார் போட வந்திருந்தார்.

“யக்கா, லேப்டாப்புல பொட்டு வச்சது நீங்களா?”

“ஆமா தம்பி. பூஜை நாளும் அதுவுமா உன் பொட்டி மட்டும் ஓடிக்கினு கீது. வயரப் புடுங்கி, எங்க வூட்டு மம்பட்டி, அவரு ஸ்பேனருக்கெல்லாம் வெச்ச மாதிரி அதுக்கும் வெச்சேன். பூஜை முடிஞ்சதும் திரும்பச் சொருகிட்டேனே. ஏன், இன்னா ஆச்சு?”

எங்கள் ஊரிலும் அன்று ஆயுதங்களுக்கு ஓய்வுதான். ஆனால் வாடகைக்கு இருப்பவன் சாமானைத் தங்கள் மம்பட்டியோடு யாரும் சேர்க்கமாட்டார்கள். வாய்வரை வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“ஒண்ணுமில்லக்கா,” என்றேன்.

செல்வத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று சொல்லவில்லை. பெட்டிக்கு இன்னொரு பூட்டும் வாங்கிவிட்டேன், புத்தி அப்படி. குங்குமத்தை மட்டும் துடைக்கவில்லை. திறந்தால் இந்தப் பக்கம் மகள் மொட்டைத் தலையோடு சிரிக்கிறாள். மூடியின் அந்தப் பக்கம் இந்த வீட்டுப் பொட்டு. இரண்டையும் ஒருசேரப் பார்க்க, நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து வழியில்லை.