கமக்காரர் எடுத்த படம்

பிரான்சில் உரிமையாளரின் அனுமதியின்றித் தனியார் நிலத்தில் கூடாரம் அடிக்கக்கூடாது. இதை வாசித்துவிட்டுத்தான் புறப்பட்டேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை? ஆனாலும் மழையில் பாதை தவறி, யாருடையதோ ஒரு புல்வெளியில் நானும் மனைவியும் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டோம்.

விடிந்ததும் அந்த நிலத்துக் கமக்காரர் வந்தார். காரையும் எங்களையும் படமெடுத்தார். பிறகு ஒரு பாணைத் தந்துவிட்டுப் போய்விட்டார்.

“சுவிஸ் குடியுரிமைக்கு எழுதிப்போட்டிருக்கிறம். இப்ப பொலிஸ் வரப்போகுது,” என்றேன்.

“பொலிஸில பிடிச்சுக் குடுக்கிறவர் பாண் தருவாரோ? சாப்பிடுங்கோப்பா,” என்றாள் மனைவி.

சுவிஸில் நாங்கள் இருக்கும் துன் நகருக்குத் திரும்பியதும், அந்தப் புல்வெளி இருந்த ஊரின் சபைக்கு எழுதி, எவ்வளவு தண்டம் கட்டவேண்டும் என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன்.

கடைசியில் அந்தப் படம் ஊர்ச் சபையின் உறையில் தபாலில் வந்தது. காருக்குப் பக்கத்தில் திருட்டு முழியோடு நான், சிரித்தபடி அவள். பின்பக்கத்தில், “இந்த வருடமும் வாருங்கள்” என்று எழுதியிருந்தது.

இதை எந்த விதியில் சேர்ப்பதென்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. வழக்கம்போல், கிடைத்த திகதியை மட்டும் மூலையில் குறித்துவைத்தேன்: தைப்பொங்கல்.