நாற்பத்தேழாம் எண் பாட்டுப்புத்தகம்

போதகர் வேலைக்குப் படிக்கிறவனுக்கு எபிரெயு, கிரேக்கம் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். தொடை நடுங்கினால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. பயந்த சுபாவம் கொண்ட சக ஊழியர்களே, இது உங்களுக்காகத்தான். தைரியசாலிகள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். திருவண்ணாமலையில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன சபை என்னுடையது. அங்கே ஒரு வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

கைக்கு ஒரு வேலை

ஏரிக்கரையில் முப்பது வீடுகளை ஜேசிபி வைத்து இடித்துவிட்டார்கள். மாற்று இடம் என்று வாயால் சொன்னதோடு சரி. பத்துப் பதினோரு வீடு எங்கள் சபையாருடையது, மற்றவை இந்துக் குடும்பங்கள். தையல்காரர் எஸ்தரம்மாவின் மெஷின் இடிந்த சுவருக்கடியில் போய்விட்டது. திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாய்ப் போய் மனு கொடுப்பது என்று முடிவாகி, என்னையும் கூப்பிட்டார்கள். நடந்தது அநியாயம் என்று எனக்கே தெரியும்போது வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

கல் பறந்துவிடுமோ என்பதுதான் என் பயம். கை சும்மா இருந்தால்தானே கல்லை எடுக்கும்! ஆலயத்துப் பீரோவைத் திறந்து ஆளுக்கொரு பாட்டுப்புத்தகம் கொடுத்தேன். கெட்டி அட்டை, ஒவ்வொன்றிலும் சபை முத்திரையும் எண்ணும் இருக்கும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும் என்றேன். எந்த எண் யாரிடம் என்று நோட்டில் எழுதியும் வைத்தேன். என் யோசனையில் எனக்கே கொஞ்சம் பெருமை. ஏரிக்கரை முருகேசன் புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: "எனக்குப் படிக்க வராது சாமி. கெட்டியா புடிச்சிக்கினு வரேன், அது போதும்ல?"

ஜெராக்ஸ் கடை

பாதித் தூரம் பாடிக்கொண்டே போனோம். போலீஸ் தடுப்புக்கு முன்னால் நின்றபோது பின்னாலிருந்து யாரோ கல் வீசினார்கள். இன்றுவரை யார் என்று தெரியாது. பஸ் கண்ணாடி உடைந்தது, உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. அடுத்த நிமிடம் தடியடி. முருகேசன் முதுகில் கம்பு இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அவரைத் தூக்கப் போயிருக்கவேண்டும். நான் ஓடினேன். பாதி மூடியிருந்த ஒரு ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தேன்.

அது ஜெராக்ஸ் கடை. நெற்றி நிறைய விபூதி பூசிய கடைக்காரர் ஷட்டரை முழுக்க இறக்கினார். வெளியே ஓடுகிற காலடிச் சத்தம், அலறல். எனக்குத் தெரிந்த குரல்களும் அதில் இருந்தன. என் வாயில் ஜெபம்கூட வரவில்லை. கடைக்காரர் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல அந்த வெள்ளை அங்கியைக் கழட்டுங்க ஃபாதர், தெருக்கோடியில இருந்தே தெரியுது."

முத்திரை

மறுநாள் காலையில் ஒரு ஏட்டு வீட்டுக்கு வந்தார். கையில் பாலித்தீன் பைக்குள் எங்கள் பாட்டுப்புத்தகம். கலைச்செல்வி என்ற பெண் காவலரின் புருவத்தை அது கிழித்துவிட்டதாம், தையல் போட்டிருக்கிறார்களாம். எண் நாற்பத்தேழு. யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். நோட்டு அவர் கைக்கெட்டும் தூரத்தில் மேஜைமேலேயே கிடந்தது. நாற்பத்தேழு எஸ்தரம்மாவுக்குக் கொடுத்தது என்று நோட்டைப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

"ஞாபகம் இல்லீங்க" என்றேன். ஞாயிறுதோறும் பொய் சொல்லாதே என்று பிரசங்கம் பண்ணுகிற அதே வாய்தான். ஏட்டு அவசரப்படவில்லை. எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "நாளைக்கு வரேன் ஃபாதர், ஞாபகம் வரட்டும். வரலைன்னா புக்கு வாங்கின எல்லாரையும் கூப்பிட வேண்டியிருக்கும்."

எஸ்தரம்மா

அடுத்த நாள் ஏட்டு வருவதற்குள் நோட்டைக் கொளுத்திவிடலாம் என்று நான் அடுப்படியில் நிற்கும்போது எஸ்தரம்மாவே வந்துவிட்டார். அதிர்ந்து பேசாத மனுஷி. முருகேசனை அடித்ததைப் பார்த்ததும் கையில் இருந்ததை எறிந்துவிட்டாராம். "அடிச்சது வேற ஆளு ஐயா. அந்தப் பொண்ணு சும்மாதான் நின்னுச்சு. அது மூஞ்சில பட்டுடுச்சு." அந்தப் பெண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்கவேண்டும், நீங்களும் வாருங்கள் என்றார்.

கேஸ் ஆகும், ஜாமீன் கிடைக்குமோ என்னவோ, இரண்டு பெண்பிள்ளைகளை யார் பார்ப்பது, வக்கீலைக் கேட்காமல் வாயைத் திறக்காதீர்கள் என்று அடுக்கினேன். அத்தனையும் நிஜமான காரணங்கள்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "வீட்டை இடிச்சவங்க எனக்குப் பதில் சொல்லணும்னு கேக்கறேன் இல்ல ஐயா? அப்போ அந்தப் பொண்ணுக்கு நான் பதில் சொல்ல வேணாமா?"

ஆஸ்பத்திரியில்

ஆட்டோவில் போகும்போது, அந்தப் பெண் டிஸ்சார்ஜ் ஆகிப் போயிருக்கட்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அந்த ஜெபம் கேட்கப்படவில்லை. கலைச்செல்வி கட்டிலில் உட்கார்ந்திருந்தார், ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. எஸ்தரம்மா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, "நான்தாம்மா எறிஞ்சேன்" என்றார். வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. நான் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கலைச்செல்வி கூச்சல் போடப்போகிறார் என்று நினைத்தேன். "வலி ஜாஸ்திக்கா, ராத்திரி தூக்கமே இல்ல" என்றார் முதலில். அப்புறம் கட்டில் ஓரமாய் நகர்ந்து இடம் விட்டார். "கீழ உக்காராதீங்க. நான் பத்தாவது படிக்கிறப்ப எங்க வீட்டையும் இடிச்சாங்கக்கா. ஆனா கேஸை என்னால நிறுத்த முடியாது, அதையும் சொல்லிட்டேன்."

ஸ்டேஷனில்

அங்கிருந்து நேராய் ஸ்டேஷன். எஸ்தரம்மா உட்கார்ந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். நான் ஏட்டிடம், நேற்றுச் சொன்னது பொய், நோட்டு இருக்கிறது என்றேன். ஆனால் அதில் இருப்பவர்கள் மனு கொடுக்க வந்தவர்கள், கல்லெறிய வந்தவர்கள் இல்லை, அவர்கள் பெயரைத் தரமாட்டேன் என்றும் சொன்னேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். மேஜையைப் பிடித்துக்கொண்டேன், மேஜையும் ஆடியது. ஏட்டு பேனாவை மூடினார். "உடம்பு இந்த ஆட்டம் ஆடுது, இதுல தரமாட்டேன்னு வேற சொல்றீங்களா ஃபாதர்?"

எஸ்தரம்மா மூன்று நாள் உள்ளே இருந்தார். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்தது. கேஸ் இன்னும் நடக்கிறது. ஏரிக்கரைக்காரர்களுக்கு மாற்று இடம் இன்னும் வரவில்லை. ஜாமீனில் வந்த மறு திங்கட்கிழமையே எஸ்தரம்மா என் வாசலில் நின்றார். "கையெழுத்துப் போட்டுட்டு அப்படியே மனு குடுக்கப் போறேன் ஐயா. செருப்பு மாட்டுங்க."

இந்த வேலைக்குத் தைரியம் தேவை என்கிறார்கள், இருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை முன்னால் ஒரு எஸ்தரம்மா நடந்தால் பயந்தாங்கொள்ளியும் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறான்.