பாவாவின் தறிக்காக நான் ஆற்றிய இரண்டு உரைகள்

கல்லூரிப் பட்டிமன்றத்துக்கு அந்த ஆண்டு கொடுத்த தலைப்பு, ‘தானே உணரும் கருவிகள் தொழிலாளிக்குத் தோழனா, பகைவனா?’ என்பது. எனக்கு வாய்த்தது பகைவன் அணி. எந்த அணி வாய்த்தாலும் நான் கலங்குவதில்லை. எதிரணியின் வாதத்தையும் நானே எழுதி, நானே உடைத்துப் பார்த்த பிறகுதான் மேடை ஏறுவேன். அத்தகைய கருவிகளுக்கு ‘உணர்கருவி’ என்று ஒரு பெயரும் சூட்டினேன். அது நல்ல பெயர் என்றே இன்றும் கருதுகிறேன்.

பெயர் கிடைத்ததும் சான்றுகளைத் தேடினேன். கனகம்மாசத்திரத்துச் சோடாக் கடையின் குளிர்பெட்டி, குளிர் போதுமானதும் தானே அடங்கியது. குளிர் குறைந்ததும் தானே முனகத் தொடங்கியது. எதிர்வீட்டு இஸ்திரிப் பெட்டி, சூடு ஏறியதும் தன் சிறுவிளக்கைத் தானே அணைத்துக்கொண்டது. இவை யாருக்குப் பகை என்று எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.

அந்த நிலையில் அக்கா வீட்டுக்கு வந்தாள். பாவா, அதாவது அவள் கணவர், திருத்தணியில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் லுங்கி நெய்பவர். அங்கே இருந்தவை நான்கு தறிகள். பாவாவும் மணவூரிலிருந்து ரயிலில் வரும் ஓர் இளைஞரும் ஆளுக்கு இரண்டாகப் பார்த்துக்கொண்டனர்.

“புதுசா ஒரு மெஷின் மாட்டியிருக்காங்கடா, பாவா தறில. நூல் அறுந்தா தறி தானா நின்னுடுதாம். இனிமே நாலு தறிக்கும் ஒரே ஆளு போதுமாம். பாவாதான் வயசுல பெரியவரு, அவரத்தான் அனுப்புவாங்க. ஊரெல்லாம் பேசற, மொதலாளிகிட்ட வந்து பேசேன்.”

எனக்கு இதைவிடப் பெரிய மேடை அதுவரை கிடைத்ததில்லை.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனேன். பாவாவின் தறிகளில், பாவு எனப்படும் நீளவாட்டு நூல் ஒவ்வொன்றின் மீதும் மெல்லிய தகடு ஒன்று தொங்கியது. அதை அவர்கள் டிராப் பின் என்றார்கள். நூல் அறுந்தால் அதன் தகடு கீழே விழுந்து ஒரு கம்பியைத் தொடும், மின்சாரம் பாயும், தறி நிற்கும். அவ்வளவுதான் அதன் அறிவு.

முதலாளி காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் முன் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“ஐயா, இந்தத் தகட்டுக்கு விழத் தெரியும்; விழித்திருக்கத் தெரியுமா? அறுந்த நூலை அறிவிக்கத் தெரியும். அறப்போகும் நூலை அறியத் தெரியுமா? இத்தனை ஆண்டுகளாக உங்கள் தறியைக் காத்த கண்களை விலக்கிவிட்டு, இந்தத் தகரத்தை நம்பப் போகிறீர்களா?”

கண்கள் என்ற இடத்தில் பாவாவைக் கைகாட்டினேன். அவர் தலை குனிந்துகொண்டார். அதைப் பணிவு என்று நினைத்தேன். மணவூர்க்காரர் தறியை நிறுத்திவிட்டு, இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். “நல்லாத்தான் பேசற தம்பி. எனக்கும் அதுமேல அவ்ளோ நம்பிக்கையில்ல. திருப்பிக் குடுத்துடறேன். சாயந்தரம் கழட்டிடலாம்.”

வெற்றியோடு வெளியே வந்தேன். பாவா பின்னாலேயே வந்து என் சட்டையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனார்.

“எவன்டா உன்னப் பேசச் சொன்னது?”

“அக்காதான்.”

“அவளுக்கு இன்னா தெரியும்? எனக்கு நூலு தெரியலடா. கண்ணு பூரா பனி மூடினாப்பல இருக்குது. புரையாம். இன்னும் பழுக்கல, பழுத்தப்புறம் வா, ஆபரேசன் பண்றோம்னாங்க ஆஸ்பத்திரில. அந்தத் தகடு விழறதாலதான் ஓட்டிகினு இருக்கேன். தறி நின்னா, விழுந்த தகட்ட விரலால தடவி எடுத்து முடிச்சு போட்டுடுவேன். அதப் போயி கழட்ட வெச்சிட்டியே.”

“அப்ப உங்கள அனுப்பமாட்டாங்களா?”

“ரெண்டு பேர்ல பழைய ஆளு நாந்தான். என்னத்தான் வெச்சிக்கறேன்னு அவரு எப்பவோ சொல்லிட்டாரு. உன் பேச்சத் திருப்பிப் பேசுடா. கண்ணப் பத்தி மட்டும் வாயத் தெறக்காத.”

பேச்சைத் திருப்பிப் பேசுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்றுவரை அதைக் காகிதத்தில்தான் செய்திருந்தேன். மாலையில், திருப்புளியோடு ஆள் வருவதற்குள், மறுபடியும் முதலாளி முன் நின்றேன்.

“ஐயா, மனிதக் கண் அசரும், இந்தத் தகடு அசராது. ஒரு நூல் அறுந்ததை ஒருவர் காணத் தவறினால், துணி நெடுகிலும் ஒரு கோடு விழுகிறது. அந்தக் கோட்டைத் தடுக்கும் காவலனைத் தாங்களே கழற்றலாமா?”

“காலைல கழட்டச் சொன்ன, இப்ப கழட்டாதன்ற. நடுவுல யாரு வந்து இன்னா சொன்னாங்க?”

“காலையில் சொன்னது ஒரு பக்கம் ஐயா.”

“உனக்கு எத்தினி பக்கம் தம்பி இருக்குது?” என்று சிரித்தார். சிறிது நேரம் பாவாவையும் தறியையும் பார்த்தார். எதைக் கண்டுகொண்டார் என்பது எனக்கு இன்றும் தெரியாது. “சரி, இருக்கட்டும். மத்த தறிக்கும் மாட்டிடறேன்.”

அந்த மாதம் முடிந்ததும் மணவூர்க்காரர் வேலையிலிருந்து நின்றுவிட்டார். கடைசி நாளன்று அவரைத் திருத்தணி ரயில் நிலையத்தில் பார்த்தேன். தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். விலகிப் போக நினைத்தேன், அவரே கூப்பிட்டார்.

“அன்னிக்குக் காலைல பேசின பாரு தம்பி, அதான் சூப்பரு. எனக்காகத்தான் பேசறன்னு நெனச்சிகினேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கேலியா என்றும் தெரியவில்லை. மறுமொழி தேடினேன். அவருக்காகப் பேசினேன் என்றால் பொய். பேசவில்லை என்பதும் முழு உண்மையல்ல; என் உரைகளில் அவர் வேலையைக் காத்திருக்கக்கூடியது அந்தக் காலை உரை ஒன்றுதான்.

“பட்டிமன்றத்துல நீ எந்தப் பக்கம்?”

“பகைவன் அணி.”

“ஆங். ஜெயிச்சிடுவ,” என்று எழுந்து வண்டியை நோக்கி நடந்தார்.

அங்கிருந்து நேரே கொட்டகைக்குப் போனேன். பாவா நான்கு தறிகளுக்கு நடுவே தனியாக நின்றார். ஒன்று சட்டென்று நின்றது. எந்தத் தறி என்று நான் கண்ணால் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் காதைச் சாய்த்து அதனிடம் போய், தகடுகளின் மேல் விரலை ஓடவிட்டார்.

“பட்டிமன்றம் எப்படா?”

“நாளைக்கு பாவா.”

“இன்னா பேசப் போற?”

தெரியவில்லை என்று நான் சொல்லும்போதே, அவர் முடிச்சைப் போட்டுவிட்டுத் தறியை ஓடவிட்டார். அந்த இரைச்சலில் நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது.