பார்க்காமலே எழுதிய ரத்த அழுத்தம்

இன்று நாகலூர் பஸ்ஸில் பக்கத்தில் அமர்ந்திருந்த எஸ்டேட் தொழிலாளி பொன்னம்மா, மருத்துவக் கல்லூரி நடத்திய முகாமின் அட்டையைக் காட்டினார். ரத்த அழுத்தம் சரியாக இருப்பதாக எழுதியிருந்தது.

"அன்னிக்கு நான் காப்பிப்பழம் பறிச்சிட்டிருந்தனுங்க. அட்டைய ஊட்டுல குடுத்துட்டுப் போயிட்டாங்க. நொம்பத் தலை சுத்துதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, இதைப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டாங்க."

முன்சீட்டில் இருந்த அதே கல்லூரி மாணவர் திரும்பினார்.

"முகாமுல பாத்தவங்க எண்ணிக்கை குறைஞ்சா எங்களைப் பரீட்சைக்கு விடமாட்டாங்கம்மா."

"உன்ற பரீட்சைக்கு என்ற உசுரா, கண்ணு?"



பறிப்புக் காலத்தில் நடுப்பகலில் முகாம் வைத்துவிட்டு, வராதவர்களுக்கும் ஆரோக்கியத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மாலையில் வைக்கலாமே என்று மாணவரிடம் கேட்டேன். முகாமை நடத்தும் பேராசிரியருக்குக் கடைசிச் சேலம் பஸ் போய்விடுமாம்.

நாகலூரில் அவருக்கு ஓரிரவு படுக்க இடம் தரக்கூடியவர்கள் சொல்லுங்கள்.