உருளைக்குள் மூன்று நாள்

நான் ஃபிட்டராக இருந்த தொழிற்சாலையில், உலைக்குள் பதிக்கும் தீச்செங்கல் செய்தார்கள். சுட்ட களிமண்ணையும் உடைந்த செங்கலையும் மாவாக அரைக்கப் பெரிய இரும்பு உருளை ஒன்று இருந்தது. உள்ளே இரும்புக் குண்டுகள். உருளை சுற்றச் சுற்ற அவை விழுந்து எல்லாவற்றையும் நொறுக்கும். குண்டுக்கு இங்கிலீஷில் பால் என்பதால் பால் மில் என்போம். கல்யாணமான புதிதில் என் மனைவி, நான் பால் பண்ணையில் வேலை செய்வதாக நாங்கள் குடியிருந்த மர்பி டவுன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

குண்டுகள் உருளையையே தின்றுவிடாதபடி அதன் உள்சுவரில் கெட்டியான எஃகுத் தகடுகளை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். சில மாதங்களில் அவை தேய்ந்துவிடும். கழற்றிப் புதியதை மாட்ட நான்கு பேர் வேண்டும். வெளியே இருவர், உள்ளே நானும் என் கூட்டாளியும். அவன் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

ஆள் நுழையும் துளையில் ஒரு கையை முதலில் விட்டு, பிறகு தலையை விட்டு, உடம்பை இழுத்துக்கொள்வோம். உள்ளே குனிந்துதான் நிற்க முடியும். குண்டுகள் விழுந்து அடித்த அடியில் தகடுகள் விரிந்து ஒன்றோடொன்று இறுகியிருக்கும். உளியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டும் சத்தம் சாப்பிடும்போதும் காதில் இருக்கும். புதுத் தகட்டை இரண்டு பேர் சேர்ந்தும் கையால் தூக்கிப் பிடிக்க முடியாது. அவன் முதுகால் முட்டுக் கொடுப்பான். நான் துளை பார்த்து போல்ட்டைச் சொருகுவேன். இப்படி மூன்று நாள் போகும்.

ஒவ்வொரு வரிசையையும் கீழே கொண்டுவர உருளையைத் திருப்ப வேண்டும்; அதற்கு ஒவ்வொரு முறையும் நாங்கள் வெளியே வர வேண்டும். நேரமாகிறது என்று மேஸ்திரி, திருப்பாமலே மேல்பக்கத் தகட்டையும் மாட்டச் சொல்வார். அப்படி ஒருநாள் மாட்டும்போது தகடு நழுவி அவன் தோளில் இறங்கியது. அவன் கத்தக்கூட இல்லை. "கை வரல பா, கை வரல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அந்தத் துளை வழியாக அவனை வெளியே எடுப்பதற்குள் எனக்கே உயிர் போய்விட்டது.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இயந்திரங்களுக்குப் படம் வரையும் பிரிவிலிருந்து ஒருவர் விபத்தைப் பற்றி விசாரிக்க மில்லுக்கு வந்தார். மல்லேஸ்வரத்துத் தமிழர், வெள்ளைச் சட்டை. உருளைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தவரிடம், "சார், இங்க நின்னு கேட்டா தெரியாது. உள்ள வர்றீங்களா?" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

அரைமணி நேரம் இருந்தார். ஒரு தகட்டின் ஓரத்தைத் தூக்கப் பார்த்து விட்டுவிட்டார். "இந்தப் படம் நான் போட்டதுதான்பா. பேப்பர்ல இதுக்கு வெயிட்டே இல்ல" என்றார். பிறகு, "உன்ன கேட்டா இத எப்படி செய்வே?" என்றார்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஒரு தகட்டை மூன்றாகப் பிரித்துச் சின்னதாக வார்க்கலாம், நடுவில் கொஞ்சம் இடைவெளி விடலாம், கொக்கி மாட்ட ஒரு துளை வைக்கலாம் என்றேன். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு தகட்டை ஒடுக்கமாக வைத்தால் அதை முதலில் உருவிவிட்டு மற்றதைச் சுலபமாக எடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. வார்ப்படக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் அடுத்த முறைக்குப் புதுத் தகடுகள் வந்துவிட்டன.

காலையில் நுழைந்தோம், மறுநாள் மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. தோள் எலும்பு ஒட்டி வேலைக்குத் திரும்பியிருந்த என் கூட்டாளி ஒரு தகட்டைத் தானே தூக்கி வைத்தான். "தோ பாரு, ஒண்டியாவே தூக்கிட்டேன்" என்று சிரித்தான்.

அடுத்த வாரமே, இந்த வேலைக்கு இனி இரண்டு பேர் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே இருந்த இருவரைச் சூளைப் பக்கம் அனுப்பினார்கள். தோள் பழுதானவன் என்று என் கூட்டாளியை கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். மில்லில் நானும் ஒரு புது ஆளும்தான். தகடு மாற்றும் நாட்களில் முன்பு மூன்று நாள் அரவை நிற்கும். நடுவில் உட்கார்ந்து மூச்சு விடலாம். இப்போது மிச்சமான அந்த நேரத்துக்கும் வேறு வேலை வந்தது. நொறுக்கி, கன்வேயர், பம்பு என்று ஒன்று மாற்றி ஒன்று.

வெள்ளைச் சட்டைக்காரரை ஒருநாள் வழியில் பார்த்து இதைச் சொன்னேன். "நான் தகட்டப் பத்தி மட்டும்தான்பா நெனச்சேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் தகட்டைப் பற்றித்தானே நினைத்தேன்.

கூட்டாளியிடம் மட்டும் பேச்சு கொஞ்சம் குறைந்தது. "கஷ்டம் கம்மியாவணும்னு நாமதானே கேட்டோம்" என்று ஒருநாள் அவனே ஆரம்பித்தான். ஆமாம் என்றேன். அவனுக்கு கேட்டில் வேலை பிடிக்கவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே களைத்துப் போவதாகச் சொன்னான். எனக்கு உட்காரவே நேரமில்லை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் சிவாஜிநகர் வரை வருவோம். பெரும்பாலும் நான் தூங்கிவிடுவேன். நல்ல தோளால் இடித்து அவன்தான் எழுப்புவான்.