ஒரு வீட்டுக்கு இரண்டு கடல்

கடலோரப் பொழியூரில் ஒரே ஒரு காலைப்பொழுதில் பார்த்த அந்தப் பஞ்சாயத்து ஓவர்சியரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மடிப்புக் கலையாத சட்டை, மணல் படாத ஷூ. ஒவ்வொரு முறை அளந்ததும் டேப்பைக் கைக்குட்டையால் துடைத்த பிறகே சுருட்டுவார்.

மீன் விற்கும் ஒரு பெண், இடிந்த வீட்டுச் சுவரை மழைக்கு முன் கட்ட அனுமதி கேட்டிருந்தாள். மனு எழுதிக் கொடுத்தவன் நான். ஓவர்சியர் அன்று அலை தொட்ட இடத்திலிருந்து அளந்தார்.

“கடல் ரொம்பப் பக்கம். பெர்மிட் கிட்டாது.”

“கடலரிப்பு நிவாரணம் கேட்டப்பம், கடல் தூரத்தில உண்டுன்னு சொன்னியளே சாறே?” என்றாள் அவள்.

“அது மேப்பில உள்ள பழைய கடல் கோட்டில இருந்து அளந்ததாக்கும்.”

“விதிப்படி பெர்மிட்டுக்கும் மேப்புக் கோடுதான்” என்றேன்.

“சாறு ரிட்டயராயாச்சு இல்லியா? வீட்டில போய் இரும்” என்று என் பக்கம் திரும்பினார்.

அப்போது ஓர் அலை ஏறி வந்து அவர் ஷூவை நனைத்தது.

“இது எந்தக் கோட்டுக் கடல் சாறே?” என்றாள் அவள்.

அவர் டேப்பை மட்டும் துடைத்தார்.

மூன்றாம் நாளே மறுப்பு உத்தரவு வந்தது. என் சர்வீஸ் முழுக்க அவ்வளவு வேகமாக ஒரு கோப்பு நகர்ந்து நான் பார்த்ததில்லை.