கெண்ட் நகரில் வாங்கிய சாமந்தித் தொட்டி

சாமந்தியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பனமரத்துப்பட்டி ஏரிக்கு மேற்கே எங்கள் காட்டில் என் அப்பா காலத்திலிருந்து சாமந்திதான். மொட்டைத் தொட்டுப் பார்த்தே எந்த நாளில் பறிக்கலாம் என்று சொல்லிவிடுவேன். சேலம் பூ மார்க்கெட்டில் என் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இந்தத் திமிரோடுதான் பெல்ஜியத்துக்குப் போனேன்.

ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாகத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டோம். சின்னச் சின்னக் குழுவாக வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறவர் ஒருவர் கோயம்புத்தூரில் இருந்தார். எட்டே பேர், ஒரு வேன், ஆறு நாள், பெல்ஜியம் மட்டும். அந்த நாட்டின் பண்பாட்டையும் பழக்கவழக்கங்களையும் பக்கத்தில் இருந்து அனுபவிக்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. எனக்கு யார் பண்பாடும் தேவைப்படவில்லை. அந்த நாட்டில் கெண்ட் என்ற ஊரில் என் மகள் இருக்கிறாள். அவளைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு, ஒரு முறையாவது வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

செய்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். தலை முழுகிவிட்டேன் என்று வாயால் சொல்லி எத்தனையோ தகப்பன்மார் நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அது போதவில்லை. மோகனூர் காவிரிக்கரைக்குப் போய் மொட்டையடித்து, உயிரோடு இருக்கிறவளுக்குக் கருமாதி செய்தேன். அதற்கு முந்தின நாளே அவளுடைய கல்லூரி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணீர் அஞ்சலி என்று அச்சடித்து, எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பிலிருந்து சேலம் மார்க்கெட் வரைக்கும் ஒட்டச் சொன்னேன். யாரோ படமெடுத்து அவளுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். பிறகு அவர்கள் இருவரும் வேலை கிடைத்து பெல்ஜியம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

என் மனைவி இரண்டாவது வருடத்திலிருந்தே எனக்குத் தெரியாமல் அவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. முழங்கால் இன்னும் மோசமாவதற்குள் பேத்தியை ஒரு தரம் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் அழுதாள். நானும் அதற்காகவே காத்திருந்தவன் போல உடனே சரி என்றேன்.

வழிகாட்டி அந்த ஊர்க்காரர், அறுபதைத் தாண்டியவர். மெதுவான ஆங்கிலத்தில் பேசினார். நான் கல்லூரி முடித்தவன் என்பதால் முக்கால்வாசி புரிந்தது. ஒரு ஊரில் கண்ணாடி போட்ட கிழவி நூல் சுற்றிய நூற்றுக்கணக்கான சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் துணி பின்னுவதைக் காட்டினார். இன்னொரு ஊரில் உயரமான கோபுரத்தில் கட்டியிருந்த மணிகளை வைத்து ஒருவர் பாட்டே வாசித்தார். ஒவ்வொரு பீருக்கும் அதற்கென்று தனிக் கிளாஸ் உண்டாம். அந்தக் கிளாஸ் கழுவப் போயிருந்தால் சில கடைகளில் வேறு பீர்தான் குடிக்கச் சொல்வார்களாம். எங்கள் ஊரில் ஒரே எவர்சில்வர் டம்ளரில் மோரும் பாயசமும் கஷாயமும் குடித்து வளர்ந்தவன் நான், சிரித்துவிட்டேன். தெரிந்தவர்களைப் பார்த்தால் கன்னத்தில் ஒரே ஒரு முத்தம் கொடுப்பது இங்கே மரியாதை என்றும், யார் வீட்டுக்கும் சொல்லாமல் போகக் கூடாது என்றும் வழிகாட்டி சொன்னார். இந்த இரண்டாவது பழக்கத்தை என் மகளும் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரட்டுமா என்று அவள் அம்மா கேட்டதற்கு, வெளியே ஒரு காபிக் கடையில் பார்க்கலாம் என்று நேரமும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அக்டோபர் கடைசி நாள் கெண்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு மணி நேரம் எங்கள் இஷ்டத்துக்குச் சுற்றிக்கொள்ளலாம் என்று வழிகாட்டி விட்டுவிட்டார். வேனை விட்டு இறங்கிய இடத்திலேயே பூக்கடைகள். கடைகள் முழுக்கச் சாமந்தித் தொட்டிகள். மஞ்சள், வெள்ளை, அரக்கு என்று ஒவ்வொரு தொட்டியும் பந்து போலச் செடி தெரியாமல் பூத்து நின்றது. என் வாழ்க்கையில் இப்படி ஒரு சாமந்தியை நான் பார்த்ததில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஆளுக்கொரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இந்த ஊரில் எங்கள் பூவுக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மனைவி தயங்கினாள். பிள்ளை இருக்கிற வீடு, சாக்லேட் வாங்கிக்கொண்டு போகலாம், தொட்டியைத் தூக்கிக்கொண்டு எப்படி நடப்பது என்றாள். சாக்லேட் விற்கிற ஊருக்கே சாக்லேட் வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறாயே என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். சின்ன வயதில் மகள் விடிகாலையில் எனக்கு முன்னால் காட்டுக்குப் போய்ப் பூப்பறிக்க நிற்பாள். சாமந்தியைப் பார்த்தால் அவளுக்கு வீட்டு நினைப்பு வரும் என்று கணக்குப் போட்டேன். இருப்பதிலேயே பெரிய மஞ்சள் தொட்டியை, மொட்டும் பூவும் சரிபாதியாக இருப்பதாகப் பார்த்து எடுத்தேன். கடைக்காரப் பெண் அவர்கள் மொழியில் என்னவோ மெல்லிய குரலில் சொல்லி என் கையைத் தொட்டாள். வாடிக்கையாளருக்கு இவ்வளவு மரியாதையா என்று அதையும் மனைவியிடம் சொல்லிச் சிலாகித்தேன்.

கால்வாய் ஓரமாக இருந்தது அந்தக் காபிக் கடை. மகள் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். பக்கத்தில் ஆறு வயதுப் பேத்தி. மகள் எழுந்து நின்று, “வாங்கம்மா, வாங்கப்பா” என்றாள். ஒன்பது வருடம் கழித்து என்னை அப்பா என்று கூப்பிட்டுவிட்டாளே என்ற பூரிப்பில் தொட்டியை நீட்டினேன். ஒரு கணம் பூவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாங்கி மேசைக்குக் கீழே வைத்தாள்.

அவள் புருஷனும் வருவானோ என்று நான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்துவிட்டாள்.

“அவர் வரலீங்கப்பா. நீங்க சங்கடப்படுவீங்கன்னு ஊட்லயே இருந்துக்கிட்டாரு” என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. மாடியில் ஈரத்துணி காய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். பேத்தி பூத்தொட்டியைக் காட்டி அவர்கள் மொழியில் என்னமோ கேட்டது. மகள் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். பேத்தி என்னிடம் வந்து, எக்கி நின்று, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி என் புறங்கையைத் தட்டிக்கொடுத்தது. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் முத்தம் கொடுத்து வரவேற்பதில்லை. நான் கூச்சத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். மனசுக்குள் மட்டும், அம்மாவைப் பெற்ற அப்புச்சியிடம் பிள்ளை எப்படி ஒட்டிக்கொண்டது பார் என்று குதித்தேன்.

மன்னிப்புக் கேட்க நினைத்ததை ஊரிலிருந்தே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் மழை வருகிறது, போர்வெல் வருகிறது, ஏரியில் இந்த வருடம் தண்ணீர் நின்றது வருகிறது. அதுமட்டும் வரவில்லை. மகள் எல்லாவற்றுக்கும் “அப்படீங்களா”, “சரிங்க” என்று கேட்டுக்கொண்டாள். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வந்திருந்தாள். காபியோடு சாசரில் வைத்துக் கொடுத்த பிஸ்கட்டைப் பேத்தி தன் அம்மாயியின் கையில் வைத்தது. மனைவி அதைத் தின்னாமல் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டாள். நேரம் முடிந்தது. நாளைக்கும் இந்த ஊரில்தானே இருக்கிறோம், நாளைக்குப் போனில் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டு எழுந்தேன். அவள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பாலத்தைத் தாண்டிப் போனாள்.

மறுநாள் நவம்பர் முதல் தேதி. கடைகளெல்லாம் மூடியிருந்தன. வழிகாட்டி எங்களை ஊருக்கு வெளியே ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். சாக்லேட்டும் பீரும் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக, இதுதான் நாங்கள் எங்களுக்காகச் செய்வது என்றார். உள்ளே நுழைந்ததும் என் கால் நின்றுவிட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒவ்வொரு கல்லறையின் மேலும் சாமந்தித் தொட்டி. நேற்று நான் வாங்கிய அதே ரகம், அதே மஞ்சள். குடும்பம் குடும்பமாக வந்து, கல்லைத் துடைத்து, தொட்டியை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வழிகாட்டி விளக்கினார். இந்த நாளில் செத்தவர்களுக்கு வைப்பதற்கென்றே இந்தப் பூவை வளர்க்கிறார்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு யாரும் இதைக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் வாங்குகிறவர் சாக வேண்டும் என்று விரும்புவதாக ஆகிவிடும். எங்கள் குழுவில் ஒருவர், எங்களூரில் கல்யாண மாலையே இதில்தான் கட்டுவோம் என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரப் பெண் ஏன் என் கையைத் தொட்டாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பேத்தி ஏன் தட்டிக்கொடுத்தது என்பதும் புரிந்தது. எனக்கு யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அந்தக் குழந்தை ஆறுதல் சொல்லியிருக்கிறது.

மனைவியின் போனைப் பிடுங்கிக்கொண்டு வாசல் பக்கம் ஓடினேன். அவசரத்தில் இரண்டு தரம் தப்பாக அழுத்தினேன். மகள் எடுத்து, “சொல்லுங்கம்மா” என்றாள்.

“நாந்தான் கண்ணு. அந்தப் பூ எதுக்குன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது சாமி” என்றேன்.



“அப்படீங்களா” என்றாள். “நீங்க தெரிஞ்சுதான் வாங்கிட்டு வந்தீங்கன்னு நெனச்சனுங்கப்பா.”

“தெரிஞ்சா எவனாவது பெத்த புள்ளைக்கு இதக் கொண்டாந்து குடுப்பானா?” என்று குரலை உயர்த்திவிட்டேன். அந்த நிலையிலும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது.  கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கே தெரியும். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியவன், கடல் தாண்டி வந்து ஒரு தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போக மாட்டானா? அப்படித்தான் என்று நம்பிக்கொண்டே அவள் அதை இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறாள். வாங்கி வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் என் போர்வெல் கதையைக் கேட்டிருக்கிறாள்.

“என்மேல கோவமா இருக்கறயா சாமி?”

“இல்லீங்கப்பா. நேத்து அதப் பாத்தப்பக்கூட கோவம் வரலீங்க. கோவம் வரலயேன்னு எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு.”

அவள் கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். திட்டுகிறவளிடம் காலில் விழலாம், சண்டைக்கு வருகிறவளைச் சமாதானம் செய்யலாம். இவளிடம் நான் எதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது? இருந்தாலும் கேட்டேன். ஒன்பது வருடத்து வெட்கத்தை விட்டு, தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொன்னேன். அவரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு தரம் ஊட்டுக்கு வா என்று கெஞ்சினேன். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். அந்தப் பக்கத்தில் பேத்தி என்னவோ கூப்பிடும் சத்தம் வந்தது.

“பாக்கலாமுங்கப்பா” என்றாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வைத்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்களை யாரும் முகத்தில் அடித்தாற்போல் அனுப்ப மாட்டோம். உட்காரவைத்துக் காபி கொடுத்து, வாசல்வரை கூடவே போய், பாக்கலாமுங்க என்போம். அவர்களும் சரிங்க என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள், மறுபடியும் நம் வீட்டுப் படியேற மாட்டார்கள். இந்த மகளைக் கேட்டு வந்தவர்களையே இரண்டு மூன்று தரம் நான் அப்படி அனுப்பியிருக்கிறேன். அவள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். புள்ள என்ன சொல்றாளுங்க என்று கேட்டாள்.

“பாக்கலாமுங்கறா” என்றேன்.

அவளும் எங்கள் பக்கத்துக்காரிதான். வேறெதுவும் கேட்காமல் போனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள்.